தோற்றவர் கூடப் போக வேண்டும்

என் மனைவி சண்முகப்ரியாவும் நானும் சாப்பிட்டபின் ஆங்கில வார்த்தை விளையாட்டு ஆடுவோம். ஒருமுறை சொன்ன வார்த்தையை மறுபடி சொல்லக் கூடாது. தோற்றவர், ஜெயித்தவர் கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். சித்திரையில் அவள் இறந்துபோனாள்.

இன்று மாலை மகள் தாரணி சமையலறையிலிருந்து வந்தாள். நான்கு வயது. ஆங்கிலம் தெரியாது.

“அப்பா, அம்மா அஞ்செழுத்துல வார்த்தை கேக்குது. க்யூவும் கேயும் இருக்கோணுமாம். நீங்க தோத்தா நான் அம்மா கூடப் போகோணுமாம்.”

“க்விக்.”

சமையலறைப் பக்கம் காது கொடுத்தாள்.

“அது ஊட்டிக்குப் போனப்பவே சொல்லிட்டீங்களாமுங்க.”

“க்வேக்.”

“அதுவுந்தானாம்.”

வேறு வார்த்தை வரவில்லை. அவள் கையை இறுகப் பிடித்தேன்.

“உடுங்கப்பா, நேரமாச்சாம்.”

குனிந்து பார்த்தேன். செருப்பு போட்டிருந்தாள், வாரும் மாட்டியிருந்தது. அவளுக்கு இன்னும் வார் மாட்டத் தெரியாது.