பெருசா, சின்னதா?

கறுப்புத் துணி போர்த்திய நீளப் பெட்டியை நாலு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏரிச்சாலையில் வந்தார்கள். பின்னால் தலையைக் குனிந்தபடி நடந்தான் சேனாதிபதி. எதிரே கவுஞ்சி கிராமத்துக்காரர் ஒருவர் பூண்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார்.

“பெருசுங்களா?” என்றார் தணிந்த குரலில்.

“ஆமாங்க, பெருசுதான். சின்னதும் ஒண்ணு கெடந்துச்சு. வேணாம்னுட்டு இதத் தூக்கியாந்துட்டேன்.”

அவர் இரண்டடி பின்வாங்கி, மூட்டையை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். அவர் எதை நினைத்து மிரண்டார் என்பது வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் சேனாதிபதிக்கு உறைத்தது. பெட்டிக்குள் இருந்தது அவனுடைய பேஸ் கிட்டாருக்கான ஆம்ப்ளிஃபயர்.

அது அறுபத்தஞ்சாம் வருஷத்துக் கோடை. பழனி அடிவாரத்தில் அப்பாவின் பாத்திரக்கடையை உதறிவிட்டு மனைவி கண்மணியோடு அவன் கோடைக்கானலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பகலில் பேக்கரி வேலை, சாயங்காலம் நாலு பேர் சேர்ந்த பாண்டில் பேஸ் கிட்டார். பாண்டில் அவன் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், காதால் முடியாது. கிட்டாரைப் பழைய ரேடியோ ஒன்றில் மாட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, வாசிக்கிறியா, இல்ல சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறியா?” என்று முன்வரிசை கிட்டார்க்காரன் பழனிமுத்து மேடையிலேயே கேட்டிருக்கிறான்.

இந்த சீசனுக்குள் வாசிக்க நிலையான இடம் கிடைக்காவிட்டால் கடைக்கே திரும்பிவிடுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பெரிய ஹோட்டல் மானேஜர் திருமலைச்சாமி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோடிகள் ஆடும் டீ டான்ஸில் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் சீசன் முழுக்க அவர்களுக்குத்தான். அதனால்தான் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ரேடியோ ரிப்பேர்க்காரர் பொன்னுச்சாமியின் கடைக்குக் கண்மணியோடு போனான்.

பொன்னுச்சாமி இரண்டு ஆம்ப்ளிஃபயர்களைக் காட்டினார். ஒன்று கைப்பெட்டி அளவு. இன்னொன்று டூரிங் டாக்கீஸ் ஸ்பீக்கரை வைத்து அவரே செய்தது, பீரோவைப் படுக்கப் போட்டது போல இருந்தது.

“சின்னது வீட்டுல வாசிச்சுப் பழகத் தோதுங்க. ஆனா ஹால்ல நாலு பேரு வாசிக்கையில அமுங்கிப் போகும். கூட்டி வச்சீங்கன்னா கீழ்த் தந்தி கொரகொரங்கும். பெருசு எந்த ஹால்லயும் எடுபடும். வீட்டுக்கு ஆகாது.”

“சின்னதே எடுங்க. மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல போயிரலாம்” என்றாள் கண்மணி.

சேனாதிபதி நிபுணனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டிலும் வாசித்துப் பார்த்தான். சின்னதில் வாசித்தபோது கடை வாசலில் படுத்திருந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. பெரியதில் ஒரு தட்டுத் தட்டியதும் எழுந்து தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தது. தன் வாசிப்பு ஓர் உயிரை அசைத்தது அதுவே முதல் தடவை என்பதால், அவன் அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஒற்றை அறை வீட்டுக்குள் பெட்டி நுழைந்ததும் கட்டில் வெளியே போயிற்று. முதல் தட்டிலேயே அலமாரிப் பாத்திரங்கள் குதித்தன.

“வாசிக்கிறதுன்னா முன்னமே சொல்லிட்டு வாசிங்க. ரசத்த எறக்கி வச்சுக்கிறேன்” என்றாள் கண்மணி.

அன்றிலிருந்து ஸ்பீக்கர்மேல் இரண்டு தலையணைகளைக் கட்டி வைத்துத்தான் பழகினான். பழையபடி அவனுக்கே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, ஹோட்டல் ஹாலில் எல்லா விளக்குகளும் எரிந்தன. பெட்டியைப் பார்த்த வயர்மேன் தலையைச் சொறிந்தார்.

“இங்க லைட்டு, பிளக்கு எல்லாம் ஒரே லைனுதாங்க. வோல்டேஜும் கொறச்சல்.”

“சரி சரி, வெரசா மாட்டுங்க” என்றான் சேனாதிபதி. கண்ணாடி ஜன்னலில் தன் தலைமுடியைச் சரிபார்ப்பதுதான் அப்போது அவனுக்கு முக்கியமாக இருந்தது.

முதல் இரண்டு பாட்டுக்கும் பயந்துபோய் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தான். ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மானேஜர் கொட்டாவி விட்டார். பழனிமுத்து அவன் பக்கம் திரும்பி, “சொறிஞ்சது போதும்லே” என்று பல்லைக் கடித்தான்.

பாத்திரக்கடையின் வெண்கல அண்டாக்கள் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன. மூன்றாவதாக மெதுவான பாட்டு ஒன்று தொடங்கியதும் சேனாதிபதி சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினான். பெரிய கலைஞர்கள் கண்ணை மூடித்தான் வாசிப்பார்கள் என்று அவனாகவே முடிவு செய்திருந்ததால், இறுக மூடிக்கொண்டு கீழ்த் தந்தியைத் தட்டினான்.

தரை அதிர்ந்தது. அடுத்த தட்டுக்குக் கூட்டத்திலிருந்து “ஆ…” என்று ஒரு மூச்சு எழும்பியது. நாற்காலிகள் நகர்ந்தன, செருப்புகள் தரையில் வழுக்கின. அவன் கண்ணைத் திறக்கவேயில்லை. பாட்டு முடிந்து கைத்தட்டல் வெடித்தபோதுதான் பார்த்தான். ஒரு நாற்காலியில்கூட ஆள் இல்லை. ஜோடி ஜோடியாக எல்லாரும் நடு ஹாலில் நின்று, இன்னும் ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மானேஜர் ஓடி வந்தார். கை நீட்டிய பழனிமுத்துவைத் தாண்டி வந்து சேனாதிபதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சீசன் ஃபுல்லா நீங்கதான் தம்பி! ஆனா ஒண்ணு, இந்தப் பெட்டி இல்லாம மட்டும் வந்துராதீங்க.”

அப்பாவுக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி அப்போதே மனசுக்குள் ஓடியது. பழனிமுத்துவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அடக்கமாகக் கேட்டான்.

“சத்தம் நல்லா கனமா இருந்துச்சுங்களா?”

“சத்தம் கெடக்கட்டும் தம்பி, நீங்க தட்டுறப்பல்லாம் ஹால் லைட்டு மொத்தமும் மங்கி மங்கி எரிஞ்சுச்சே, அத எப்படிச் செஞ்சீங்க?”