மினீ மல்

வெள்ளவத்தை மாடிவீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நிரோஷா, வாசலில் நித்தியகல்யாணிச் சாடியை வைத்தாள். பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி சோமலதாவுக்கு முகம் சுருங்கியது.

“அனே, மினீ மல்! எங்கட ஆக்கள் சவக்காலையில நடுற பிணப்பூ. பிள்ளை இருக்கிற வீட்டில வைக்கலாமா?”

“நாங்கள் சாமிக்கு வைக்கிறது, அன்ரி.”

“அப்ப கோயில்ல வையுங்க. எந்தப் புத்தியில்லாத ஆள் இதைத் தந்தது?”

நிரோஷாவுக்குச் சிரிப்பு வந்தது. “மகளின்ர டொக்டர்.”

“டொக்டரா?”

“ஓம். அவளின்ர கான்சருக்கு ஏத்தின மருந்து இந்தச் செடியில இருந்துதான் எடுக்கிறதாம். நேற்றோட கடைசி ஊசியும் முடிஞ்சுது. அந்தச் சந்தோசத்தில தந்தவர்.”

அன்ரி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நிரோஷா செம்பில் தண்ணீரோடு கதவைத் திறந்தாள். சாடி மண் ஏற்கெனவே நனைந்திருந்தது.