சால்வியா வீடு

எஸ்தர் குடியிருந்த வாடகை வீட்டின் வாசலில் சால்வியா சிவப்பாகப் பூத்துக் குலுங்கியது. வீட்டுக்காரர் தணிகாசலத்தோடு வந்த அம்மாளை, பூக்களைப் பார்க்க வந்த உறவு என்றே அவள் நினைத்தாள்.

"எப்படிங்க இவ்ளோ பூக்குது?" என்றாள் அந்த அம்மாள்.

எஸ்தருக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாடின பூக்கதிரை ஜோடி இலைக்கு மேல நறுக்கிடணுங்க. குச்சி நட்டு, பட்டு நூலால லூசா கட்டணும். இறுக்குனா தண்டு ஒடிஞ்சிடும்."

நறுக்கியும் காட்டினாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த கணவர் ராபர்ட்டும் ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்தார்.

அந்த அம்மாள் தணிகாசலத்திடம் திரும்பினாள்.

"வீடு சின்னதாச்சேன்னு யோசிச்சிகினு இருந்தேன். இந்தத் தோட்டத்தைப் பார்த்ததும் மனசு நிறைஞ்சிடுச்சு. வாங்கிக்கிறேங்க."

தணிகாசலம் எஸ்தரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"வர்ற மாசம் காலி பண்ணிடும்மா. செடிங்களை மட்டும் பிடுங்கிடாத."