டெல்மாவின் பெயர்

நகரத்துக் கேள்வித்தாளில் கிழவி யாரிட்ஜிக்குப் பாதிகூடத் தேறவில்லை. "மறதி நோய்தான்" என்றார் அடிலெய்டிலிருந்து வந்திருந்த டாக்டர்.

"தேதியும் பிரதமர் பேரும் இந்தப் பாலைவனத்துல யாருக்கு வேணும் டாக்டர்? எங்க ஆளுங்களுக்குன்னு போட்ட கேள்வியக் கேளுங்க" என்று டெல்மா விடாப்பிடியாக நின்றாள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவள்தான் நர்ஸ்; யாரிட்ஜிக்கு அண்ணன் மகள்.

புதுக் கேள்விகளில் யாரிட்ஜி எதிலும் பிசகவில்லை. பக்கத்தில் இருப்பவரின் பெயர்தான் பாக்கி.

"அத்தே, நான் யாரு?"

"குன்மனாரா."

டாக்டர் தப்பு போடப் போனார்.

"இருங்க. செத்தவங்க பேர நாங்க சொல்ல மாட்டோம். அதே பேரு இருக்கறவங்களையும் குன்மனாரான்னுதான் கூப்பிடுவோம். சரியான பதில்தான்."

"அப்ப உங்க பேர்ல யாரு செத்தது?"

சுற்றுவட்டாரத்தில் அந்தப் பெயர் அவள் ஒருத்திக்குத்தான். "எந்த டெல்மா அத்தே?"

"பேரச் சொல்லாதடீ" என்று யாரிட்ஜி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் முழு மதிப்பெண் போட்டார்.

டெல்மா வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்ற வண்டியில் மெத்தைகள் ஏறியிருந்தன. சாவு விழுந்தால் வீட்டைக் காலி செய்து, செத்தவரின் தடத்தையும் அழித்துவிடுவார்கள்; அதுபோல, டெல்மாவின் மகள் இலைக்கொத்தால் செம்மண்ணில் பதிந்திருந்த அம்மாவின் காலடித் தடங்களை அழித்துக்கொண்டே வந்தாள்.

டெல்மா ஓரடி எடுத்து வைத்தாள். மகள் நிமிராமல் அதையும் அழித்தாள்.