சிட்னி முழுகுது

சிட்னி முழுகிக்கொண்டிருந்தது. பாலம் போயிற்று, கட்டடங்கள் போயின, பின்னாலேயே அதைவிடப் பெரிய அலை ஒன்று வந்தது. ப்ரேமிலா பாயில் உட்கார்ந்து கைதட்டினாள்.

"உன் வீடு எந்தப் பக்கம் அண்ணே?"

"அந்தக் கோபுரத்துக்குப் பின்னால," என்றான் ஷைலேந்திரா. சொல்லி வாய் மூடவில்லை, அலை கோபுரத்தைத் தாண்டியது.

"போச்சு! நல்லா போச்சு!"

அவனும் சிரித்தான். டி.வி.யில் போகிற வீடுதானே, சிரிப்பதற்கு என்ன செலவு?

மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு அவள் இந்தப் படத்தைப் போட்டாள். கேசட்டை டெக்கில் தள்ளும்போது அதன் ஓரத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டியிருந்ததை அவன் பார்த்தான். "என்ன ப்ரேமி, கேசட்டுக்கும் பிளாஸ்திரியா?" என்று கேலி செய்தான்.

"ஓட்டை இருந்துச்சு. அடைச்சேன்," என்றாள் அவள்.

தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருஷம், பா டவுனில் கடைகளெல்லாம் கதவைச் சாத்திக் கிடந்தபோது, முதலில் பெட்டி கட்டியவன் ஷைலேந்திரா. "ஒரே மாசம், வந்து உங்களையும் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா காலைத் தொட்டுச் சொல்லிவிட்டு சிட்னிக்கு விமானம் ஏறினான். அவன் வரவில்லை, அவனுக்குப் பதிலாக இந்த வீடியோ டெக் வந்தது. அப்பா அதை ஒரு நாளும் தொடவில்லை. கரும்புக் காட்டு ரோட்டில் டாக்ஸி நின்றால் மட்டும் எட்டிப் பார்ப்பார்.

அப்பா செத்த அன்று ப்ரேமிலா கடைக்கு ஓடிப்போய் அவனுக்குப் போன் போட்டாள்.

"பேப்பர் இன்னும் கைக்கு வரல ப்ரேமி. இப்பக் கிளம்புனா திரும்ப உள்ள விடமாட்டான். நீ ஒண்ணு பண்ணு, நபி பாயைக் கூப்பிட்டு எல்லாத்தையும் வீடியோ எடுத்து வை. சாவகாசமா வந்து பார்த்துக்கிறேன்."

அண்ணன் இருக்க, கொள்ளி வைத்தது தங்கை. பக்கத்துக் காட்டு நபி பாய் அழுதுகொண்டே கேமராவைப் பிடித்தார். அந்தச் 'சாவகாசமா' மட்டும் ப்ரேமிலாவின் வயிற்றில் இன்னும் அணையவில்லை. அதனால்தான் சிட்னி முழுகும்போது அவளுக்கு இத்தனை குஷி என்று நினைத்தால், அதுவும் பொய்யில்லை.

இப்போது சாவகாசம் கிடைத்து வந்துவிட்டான். வந்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்: "அப்பா கேசட் எங்க?"

"போற அன்னைக்குத் தரேன். சாவைப் பார்த்தா தலை முழுகணும், அப்புறம் உனக்கு நான் விருந்து எப்படிப் போடுறது?" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். இன்றைக்குத்தான் அவன் புறப்படும் நாள்.

படத்தில் இப்போது கடலுக்குள்ளிருந்து எரிமலை கிளம்பியது. திரை முழுக்க நெருப்பு. கதாநாயகன் சும்மா இருப்பானா? ஒரு ஐஸ் மலையையே ஹெலிகாப்டரில் கட்டி இழுத்து வந்து, எரிமலையின் வாயில் தக்கை மாதிரி செருகினான்.

"அரே! ஐஸை வச்சு எரிமலையை அடைக்கிறானாம்! கெட்டில் கொதிச்சாலே மூடி பறக்குது, இவன் மலைக்கு மூடி போடுறான்!"

சொல்லிவிட்டு ஷைலேந்திரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான். கையிலிருந்த சிரட்டை சாய்ந்து, குடித்துக்கொண்டிருந்த யங்கோனா பாயெல்லாம் கொட்டியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ப்ரேமிலா படத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடம் பிடிச்சிருக்கா அண்ணே?"

"இன்னொரு தரம் போடு ப்ரேமி!"

அவள் கேசட்டைப் பின்னால் ஓட்டி இன்னொரு தரம் போட்டாள். அவன் இன்னொரு தரம் உருண்டான்.

படம் முடியவும் வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஷைலேந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். சிரிப்பு போய் முகம் மாறியிருந்தது.

"இப்பவாவது குடு ப்ரேமி. அங்க போய்த் தனியா உட்கார்ந்து பார்க்கிறேன். அப்பாவோட கடைசி முகத்தை ஒரு தரம் பார்க்காம எனக்கு ராத்தூக்கமே இல்ல." அவன் குரல் நிஜமாகவே உடைந்தது.

ப்ரேமிலா டெக்கிலிருந்து கேசட்டை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து அவன் கையில் வைத்தாள்.

"இது படம். நான் கேக்கிறது அப்பா கேசட்."

"இதுதான் அது. மேல எதுவும் பதிஞ்சு அழியக் கூடாதுன்னு நபி பாய் ஓரத்தை உடைச்சுக் குடுத்தாரு. அந்த ஓட்டையை நான் அடைச்சு, மேலேயே படத்தைப் பதிஞ்சிட்டேன்."

அவன் விரல் செல்லோடேப்பைத் தடவியது. உதடு கோணிக்கொண்டது. வெளியே ஹாரன் மறுபடி அடித்தது.

"விளையாடாத ப்ரேமி. முகம் வேணாம், சிதையாவது மிச்சம் இருக்கும்ல?"

ப்ரேமிலாவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ஐஸ் மலைக்கு உருண்டு உருண்டு சிரிச்சியே அண்ணே, அந்த இடத்துலதான் அப்பா எரிஞ்சுக்கிட்டு இருந்தாரு."