பெயர் மறைத்த தோல்

“எல்லாம் வாசல்லயே நிக்குது பாருங்க. ஒண்ணாவது உள்ள போகுதா? தண்டச்சோறுங்க!”

தலைமை டாக்டர் திட்டியது ஆஸ்பத்திரிக் காவலாளிகளை அல்ல. சுவர் அகலத்துக்கு இருந்த திரையில், நடுவில் சிவப்பாகத் தோல் புற்றுநோய்க் கட்டி. அதைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகளாக நோய் எதிர்ப்பு அணுக்கள். திட்டு அந்தப் பச்சைக் கூட்டத்துக்குத்தான்.

இயந்திரம் புதுசு. ஒவ்வொரு அணுவையும் தனித்தனியாகக் காட்டும், எண்ணியும் சொல்லும். அதைப் பார்க்க வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று டாக்டர்கள் வந்திருந்தார்கள். தலைமை டாக்டருக்கோ தலைகால் புரியவில்லை, இயந்திரத்தை இவரே பெற்றெடுத்த மாதிரி.

“பச்சை உள்ள புகுந்திருந்தா மருந்து நல்லா வேலை செய்யும். இப்படி வெளியவே நின்னு வேடிக்கை பாத்தா கஷ்டம்தான்.”

“யாரோட தோல் சார் இது?”

“தெரியாது. தெரியவும் கூடாது! பேரு தெரிஞ்சா மனசு இளகும், எண்ணிக்கை முன்னப்பின்ன ஆயிடும். எண்ணி முடிக்கிற வரைக்கும் எனக்கு நம்பர் மட்டும்தான். இந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.”

பெயர்களெல்லாம் ஆய்வக அம்மாளிடம் பூட்டியிருந்தன. தோல் துண்டுகளைச் சீவிச் சாயம் ஏற்றுகிறவள் அவள்தான். பாவம், காலையிலிருந்தே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“சார், இதை வேற டாக்டர் யாராவது பாத்தா நல்லாருக்கும்...”

“ஏன், எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சும்மா இரும்மா!”

சும்மா இருந்தாள். பெயரை வெளியே விட்டால் வேலை காலி என்பதும் அவர் போட்ட சட்டம்தான்.

டாக்டரின் போன் அடித்தது. எதிர்ப்பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தது. இவர் காது கொடுத்தால்தானே?

“இன்னும் வரல. வந்தா சொல்ல மாட்டேனா? வை!” போனை வைத்துவிட்டுச் சிரித்தார். “வீட்ல. ரிசல்ட் வந்துடுச்சான்னு கேக்குறா. பையன் இப்பதான் பரீட்சையே எழுதியிருக்கான், அதுக்குள்ள இவ தாம் தூம்னு குதிக்கிறா!”

வந்தவர்கள் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்கள்.

“கட்டி எந்த இடத்துல சார்?”

“முதுகுல. நடுவயசுப் பொம்பளைன்னு சீட்டுல நம்பரோட போட்டிருக்கு. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கு பாருங்க. சின்னதா இருந்தப்பவே வெட்டி எறிஞ்சிருக்கலாம்.” டாக்டருக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்துவிட்டது. “தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. சரி, அவளுக்குத் தெரியல. கட்டினவனுக்கு என்ன கேடு? ஒரே வீட்லதானே குப்பை கொட்டறான்!”

“பாவம், வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்,” என்றார் வந்தவர்களில் ஒருவர்.

“என்ன பொல்லாத வேலை? அவன் தாங்கலேன்னா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? எருமை மாடு! அவனை நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்.”

கேட்டுவிடுவது என்றே முடிவு செய்துவிட்டார். பார்க்க ஆள் வேறு இருக்கிறதே!

“எண்ணி முடிச்சாச்சு. இனிமே ரகசியம் எதுக்கு? அம்மா, அந்தப் பேஷண்ட் வந்திருந்தா புருஷனோட உள்ள வரச் சொல்லு.”

ஆய்வக அம்மாள் கதவுப் பக்கம் பார்த்தாள். “தனியாத்தான் வந்திருக்காங்க சார்.”

“பாத்தீங்களா? துணைக்குக்கூட வரல. என்ன ஜென்மமோ!”

ஆய்வக அம்மாள் கதவைத் திறந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டரின் மனைவி உள்ளே வந்தாள்.

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியாட்கள் முன்னால் இது என்ன மானக்கேடு!

“உனக்கு எத்தனை தடவை சொல்றது, இங்கெல்லாம் வராதேன்னு? போ, வெளியில உக்காரு. இப்ப ஒரு பேஷண்ட் உள்ள வரணும்.”

மனைவி நகரவில்லை. திரையை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“நான்தாங்க அது.”