வெறும் உப்புத்தண்ணீர்

கோடு கீழே இறங்கியது.

ஒரு படி. மீண்டும் மேலே. மீண்டும் கீழே. இம்முறை சற்று நேரம் தங்கியது.

அவள் வாயில் மெல்லிய ரப்பர் குழாய் இருந்தது. அதன் மறுமுனையில் கண்ணாடி ஊசி. ஊசியின் நுனி முடியைவிட நுண்ணியது. அதில் ஒரு செல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயால் மெல்ல உறிஞ்சித்தான் அதை ஒட்டவைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் கிழிந்துவிடும்.

செல்லின் சவ்வில் கதவுகள் உண்டு. பாடப்புத்தகத்தில் அயனிக் கால்வாய் என்று இருக்கும். அவள் கதவு என்றுதான் சொல்வாள். திறந்தால் உப்பு உள்ளே போகும். திரையில் கோடு ஒரு படி இறங்கும். மூடினால் ஏறும்.

ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு விதமாகத் திறக்கும். மாடிப்படியில் வருவது யார் என்று காலடியை வைத்தே சொல்வதுபோல அவள் சொல்லிவிடுவாள்.

இது அவளுடைய கதவு.

சில பிள்ளைகளுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை. தூங்கி எழுந்தால் கை கால் அசையாது. அதைத் திறக்கும் மருந்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். அப்போது அவளுக்கு நரை இல்லை. ஆய்வகத்தில் அதற்கு 'மேடம் மருந்து' என்று பெயர்.

ஆரணியிலிருந்து ஒரு தகப்பன் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். மகளுக்கு இப்போது கல்யாண வயது. மருந்து வந்துவிட்டதா என்று கேட்பார். சோதனை நடக்கிறது என்று இவள் சொல்வாள்.

மருந்தை உப்புத்தண்ணீரில் கலந்து, சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பிகளில் வைப்பார்கள். இன்று காலை குப்பிகள் தீர்ந்திருந்தன. புதுப் பெட்டி வரவில்லை. கண்ணாடிக் குப்பியில் கலந்தாள்.

கதவு திறக்கவில்லை.

வேறு செல். திறக்கவில்லை.

மருந்து கெட்டுவிட்டது என்று நினைத்தாள். புதிதாகப் பிரித்துக் கலந்தாள். திறக்கவில்லை.

இன்று மாறியது குப்பி மட்டும்தான்.

பிறகு மேசை இழுப்பறையின் அடியில் பழைய பிளாஸ்டிக் குப்பி ஒன்று கிடைத்தது. அதில் வெறும் உப்புத்தண்ணீரை ஊற்றினாள். மருந்து சேர்க்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதைத்தான் இப்போது செல்லுக்கு விட்டிருக்கிறாள்.

கோடு இறங்கியது. அழகாக இறங்கியது. அதே காலடி. கதவைத் திறந்தது மருந்தில்லை, பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்த ஏதோ ஒன்று.

ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத்தண்ணீரை எப்போதும் விடுவார்கள்தான். அது பெரிய கண்ணாடிப் புட்டியில் இருக்கும். அதிலிருந்து நேராக ஊற்றுவார்கள். பிளாஸ்டிக்கில் ஒருமுறையும் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கும் தோன்றவில்லை.

வேறு ஊர்களில் செய்து பார்த்தவர்களுக்கும் திறந்தது. அவர்களும் இதே குப்பிகளைத்தான் வாங்கினார்கள். புனேயில் ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை. உங்கள் கை நடுங்குகிறது என்று அவருக்கு எழுதியிருந்தாள். அதன்பின் அவர் எழுதவில்லை.

ஜெபக்கனி உள்ளே வந்தாள். அவளுடைய கடைசி மாணவி. திங்கட்கிழமை முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. வெளியூர்ப் பேராசிரியர் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார். பட்டம் வந்ததும் ஜெர்மனியில் வேலை. எல்லாம் இந்த மருந்தை வைத்துத்தான்.

செல் ஒட்டிய பிறகு வாயில் குழாய் தேவையில்லை. அவள் எடுக்கவில்லை. குழாய் வாயில் இருக்கும்போது யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஜெபக்கனி திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மேடம், தெறந்துட்டு. காலைலேருந்து என்னா பாடு படுத்திச்சு."

மருந்து மேடத்திடம் கோபித்துக்கொண்டதாகக் கீழ்த்தளத்தில் பையன்கள் கேலி செய்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

அவள் குழாயை எடுத்தாள். உதட்டைத் துடைத்தாள்.

"இது மருந்து இல்ல ஜெபா. வெறும் உப்புத்தண்ணி. பிளாஸ்டிக்ல வச்சிருந்தேன்."

ஜெபக்கனி பிளாஸ்டிக் குப்பியைப் பார்த்தாள். கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகாது. நல்ல மாணவி.

"எனக்குக் கேக்கல மேடம்," என்றாள்.

இருவருக்கும் நடுவே ஒரு முழ தூரம்கூட இல்லை.

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெபக்கனி, தான் வந்தது வேறு விஷயத்துக்கு என்றாள். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாள்.

"ரெண்டு பட்டு கொண்டாந்திருக்காவ. பச்சயா, நீலமா? திங்கட்கிழம எதக் கட்ட?"

குரல் சாதாரணமாக இருந்தது. கண்கள் மட்டும் மேடத்தின் முகத்தை விட்டு அசையவில்லை.

கோடு இறங்கியது. ஏறியது.

"நீலம்," என்றாள் அவள்.

ஜெபக்கனி தலையசைத்தாள். கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள். காலையில் கலந்த, கதவைத் திறக்காத மருந்து அவற்றில் மிச்சமிருந்தது. கழுவி வைத்துவிடுவதாகச் சொன்னாள்.

அவள் தடுக்கவில்லை.

ஜெபக்கனி பக்கத்து அறைக்குப் போனாள். தொட்டியில் தட்டை இறக்கினாள். தண்ணீர் விழுந்தது. கண்ணாடியோடு கண்ணாடி மெல்ல உரசியது.

சுவரைத் தாண்டி எல்லாம் தெளிவாகக் கேட்டது.